காறை எலும்பு முறிவு: வலி போய்விட்டால் ஆறிவிட்டதா?

சைக்கிளிலிருந்தோ பைக்கிலிருந்தோ சாய்ந்து விழுந்து, தோள்பட்டை நேராகத் தரையில் மோதினால் பெரும்பாலும் முறிவது காறை எலும்புதான். கழுத்துக்குக் கீழே, சட்டைக் காலர் உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால், விரலால் தடவினாலே தட்டுப்படும் நீளமான எலும்பு அது. காலர் எலும்பு என்றும் சொல்கிறோம்.

முறிந்தவர் டாக்டரிடம் முதலில் கேட்பது, "எத்தனை நாளில் சரியாகும்?" என்பதுதான். இதற்கு ஒரே பதில் கிடையாது, இரண்டு பதில்கள் உண்டு. வலி பெருமளவு அடங்க இரண்டு மூன்று வாரம். எலும்பு பாரம் தாங்கும் அளவுக்குச் சேர, பெரியவர்களுக்கு 6 முதல் 12 வாரம், சிலருக்கு அதற்கும் மேல். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மாதமோ இரண்டு மாதமோ இருக்கிறதே, அங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். வலி இல்லை, கை அசைகிறது, ஆனால் எலும்பு இன்னும் தயாராகவில்லை. நன்றாகக் குணமாவது என்றால் பெரும்பாலும் அந்த நடுக்காலத்தை ஒழுங்காகக் கடப்பதுதான்.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. சுமார் 2400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் எழுதப்பட்ட குறிப்புகளிலேயே இது வருகிறது. காறை எலும்பு முறிந்தவர்கள் முதலில் ஏதோ பெரிய ஆபத்து என்று பயப்படுகிறார்கள். வலி போய், நடக்கவும் சாப்பிடவும் தடையில்லை என்றதும் சிகிச்சையை அலட்சியப்படுத்துகிறார்கள். அதற்குள் எலும்பு தானாகவே வேகமாகச் சேர்ந்துவிடுகிறது என்று அதில் இருக்கிறது. கூடவே, எலும்பைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர முடியாமல் தவிக்கும் மருத்துவர்களும் நோயாளி வராமல் போனதற்கு வருத்தப்படுவதில்லை என்று ஒரு குத்தலும் உண்டு.

முறிந்தால் உள்ளே என்ன நடக்கிறது

காறை எலும்பு லேசாக வளைந்து, படுக்க வைத்த 'எஸ்' எழுத்தைப்போல இருக்கும். ஒரு முனை நெஞ்செலும்பில், மறுமுனை தோள்பட்டை எலும்பின் நுனியில். மொத்தக் கையும் உடலோடு எலும்பு வழியாக இணைவது இந்த ஓர் இடத்தில் மட்டும்தான். மற்ற பிடிப்பெல்லாம் தசையும் தசைநாருமே. தோளை உடலிலிருந்து தள்ளி நிறுத்தி வைக்கும் முட்டுக்கம்பு இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறக்குறைய 80 சதவீத முறிவுகள் நடுப்பகுதியில்தான் நடக்கின்றன. அந்த இடம் மெலிந்தது, இரு முனைகளிலும் இருப்பதுபோல வலுவான தசைநார்ப் பிடிப்பும் அங்கே இல்லை. முறிந்ததும், கழுத்துத் தசை உள்பக்கத் துண்டை மேலே இழுக்கிறது. கையின் எடை வெளிப்பக்கத் துண்டைக் கீழே இறக்குகிறது. நெஞ்சுத் தசை அதையே உள்ளே இழுக்கிறது. அதனால்தான் அடிபட்ட தோள் சற்றே தொங்கிப்போய், குறுகியதுபோலத் தெரியும். தோலுக்கடியில் ஒரு முனை புடைத்துக்கொண்டு நிற்கும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் வெறும் புடைப்பை மட்டும் வைத்து முறிவு மோசமானது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை.

எதற்குப் பயப்பட வேண்டும் என்றால், அந்த எலும்புக்கு அடியில் இருப்பவற்றுக்கு. கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்களும் நரம்புக் கொத்தும் அதன் கீழேதான் போகின்றன. நுரையீரலின் உச்சியும் பக்கத்திலேயே இருக்கிறது. கை மரத்துப்போனாலோ, விரல்களை அசைக்க முடியாமல் போனாலோ, கை வெளுத்துச் சில்லிட்டாலோ, மூச்சுத் திணறினாலோ, எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தாலோ, தோல் கூடாரம்போல இழுபட்டு வெளுத்திருந்தாலோ நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். இவை அரிது. வந்தால் காத்திருக்கக் கூடாது.

மாவுக்கட்டு ஏன் போடுவதில்லை

"கை உடைந்தால் மாவுக்கட்டு போடுகிறார்களே, இதற்கு வெறும் துணியில் கையைத் தொங்கவிட்டு அனுப்பிவிட்டார்களே" என்று சிலர் சந்தேகப்படுவது உண்டு. காறை எலும்பைச் சுற்றி மாவுக்கட்டு போட வழியில்லை. மூச்சு விட்டாலும் தோள் அசையும். நல்லவேளை, இந்த எலும்புக்கு அவ்வளவு அசையாமை தேவையும் இல்லை. அதன்மேல் விழும் பாரத்தைக் குறைத்தாலே போதும், மீதி வேலையை உடம்பு பார்த்துக்கொள்ளும்.

கையைத் தாங்கிக் கழுத்தில் தொங்கும் அந்தத் துணிப் பைதான் ஸ்லிங். அதன் வேலை அந்தப் பாரத்தைக் குறைப்பதுதான். ஒரு கையின் எடை உடல் எடையில் ஏறக்குறைய 5 சதவீதம். 60 கிலோ எடை உள்ளவருக்கு அது சுமார் மூன்று கிலோ. அந்த மூன்று கிலோ நாள் முழுவதும் முறிந்த முனையைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். ஸ்லிங்கைச் சரியாகப் போட்டால் அந்த எடை உடலின் மேல் ஏறிக்கொள்ளும். முழங்கை செங்கோணத்தில் மடங்கி, பையின் ஓரத்தில் நன்றாக உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளங்கை முழங்கையைவிடச் சற்று உயரத்தில் இருக்க வேண்டும். மணிக்கட்டு ஸ்லிங்கின் விளிம்பில் மடிந்து தொங்கினால் கை வீங்கும், மரத்துப்போகும். பட்டை கழுத்தை அறுத்தால் அந்த இடத்தில் ஒரு மெத்தென்ற துணியை மடித்து வைக்கலாம். பட்டையைத் தளர்த்தினால் கழுத்து வலி குறையும், ஆனால் கையும் இறங்கிவிடும். பிறகு ஸ்லிங் போட்டே பயனில்லை.

முன்பெல்லாம் இரண்டு தோள்களையும் பின்னால் இழுத்துக் கட்டும் எட்டு வடிவப் பட்டையை நிறையப் போட்டார்கள். ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் அது சாதாரண ஸ்லிங்கைவிட எலும்பை நன்றாகச் சேர்த்ததாகத் தெரியவில்லை. அக்குளில் உறுத்தலும் வலியும்தான் கூடியது. அதனால் இப்போது பெரும்பாலும் ஸ்லிங்தான். நீவி விட்டு எலும்பை "உட்கார வைக்கிறேன்" என்று யாராவது சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். இழுத்து வைத்தாலும் அது அந்த இடத்தில் நிற்காது, அடியில் இருக்கும் நரம்புக்கும் ஆபத்து.

ஆபரேஷன் வேண்டுமா

இந்த விஷயத்தில் மருத்துவ உலகமே மனம் மாறியிருக்கிறது. 1960-ல் அமெரிக்க எலும்பு மருத்துவர் சார்லஸ் நீர் வெளியிட்ட கணக்கில், ஆபரேஷன் இல்லாமல் சிகிச்சை பெற்ற 2235 பேரில் எலும்பு சேராமல் போனது 3 பேருக்கு மட்டும். அதைப் பார்த்து, எல்லாருக்கும் ஸ்லிங் போதும் என்ற எண்ணம் பல ஆண்டுகள் நிலைத்தது. பிறகு, நன்றாக விலகிப்போன முறிவுகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. கனடாவில் 132 பேரைக் கொண்டு நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், பிளேட் (துண்டுகளைச் சேர்த்து ஸ்க்ரூவால் முடுக்கும் உலோகத் தகடு) வைத்தவர்களில் 2 பேருக்கும், ஸ்லிங் மட்டும் போட்டவர்களில் 7 பேருக்கும் எலும்பு சேரவில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லாரும் ஆபரேஷனுக்கு ஓட வேண்டியதில்லை. ஸ்லிங் மட்டும் போட்டவர்களிலும் பெரும்பாலானோருக்கு எலும்பு சேர்ந்துதானே இருக்கிறது? ஆபரேஷனில் தொற்று வரலாம், தோலடியில் பிளேட் உறுத்தலாம், தழும்புக்குக் கீழே நெஞ்சுப் பக்கம் மரத்துப்போகலாம் (தோலுக்கு வரும் சிறு நரம்புகள் அந்த இடத்தைக் கடந்துதான் போகின்றன). துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி எலும்பு சுமார் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் குறுகியிருந்தால், பல துண்டுகளாக நொறுங்கியிருந்தால், தோலைக் கிழித்திருந்தால், நரம்போ ரத்தக்குழாயோ பாதிக்கப்பட்டிருந்தால் ஆபரேஷன் பற்றிப் பேசுவார்கள். வெளிமுனை முறிந்து நன்றாக விலகியிருந்தாலும் அப்படியே, ஏனென்றால் அந்த இடம் சேராமல் போகும் வாய்ப்பு அதிகம். விலகாத முறிவுக்கு ஆபரேஷன் சொன்னால், ஏன் என்று தயங்காமல் கேளுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

பிளேட் வைத்தால் எலும்பு உடனே சேர்ந்துவிடும் என்ற எண்ணமும் தவறு. 2013-ல் மோட்டோஜிபி பைக் பந்தய வீரர் ஜார்ஜ் லொரென்சோ, நெதர்லாந்தின் அசென் பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு பயிற்சியில் விழுந்து இடது காறை எலும்பை முறித்துக்கொண்டார். பார்சிலோனாவுக்குப் பறந்து பிளேட் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, பந்தயத்தில் ஐந்தாவதாக முடித்தார். இதுவரைதான் எல்லாரும் வியந்து சொல்வார்கள். அடுத்த பந்தயத்துக்காக ஜெர்மனியில் பயிற்சி செய்தபோது மறுபடி விழுந்தார்; பிளேட் வளைந்து, இரண்டாவது ஆபரேஷன் ஆனது. துண்டுகளை வரிசையில் பிடித்து வைப்பது மட்டும்தான் பிளேட்டின் வேலை. எலும்பு தன் வேகத்தில்தான் வளரும்.

அந்த வேகம் இப்படி இருக்கும்: முதல் சில நாட்கள் ரத்தக்கட்டும் வீக்கமும். இரண்டு மூன்று வாரத்தில் முனைகளுக்கு நடுவே குருத்தெலும்பு கலந்த மெத்தென்ற பாலம் உருவாகும்; வலி அடங்குவது இதனால்தான், முனைகள் ஒன்றோடொன்று உரசுவது நின்றுவிடும். அடுத்த வாரங்களில் அந்தப் பாலத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டியாகும். எக்ஸ்ரேயில் அது முழுசாகத் தெரிய இன்னும் நாளாகும். குழந்தைகளுக்கு எல்லாமே வேகம், மூன்று முதல் ஆறு வாரத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும். பிரசவத்தின்போது முறியும் பச்சிளங்குழந்தையின் எலும்பு இரண்டு மூன்று வாரத்திலேயே சேர்ந்துவிடும்.

முதல் வாரங்கள்: தூக்கமும் சட்டையும்

முறிந்தவர்களைக் கேட்டால், பகலைவிட ராத்திரிதான் கொடுமை என்பார்கள். படுத்த நிலையில் தோள் பின்னால் சாயும், முழங்கை மெத்தையில் அமிழும். இரண்டும் முறிந்த இடத்தை இழுக்கும். அதனால் முதல் ஒன்றிரண்டு வாரம் சாய்வு நாற்காலியிலோ, முதுகுக்குத் தலையணைகளை அடுக்கிப் பாதி உட்கார்ந்தபடியோ தூங்குவது நல்லது. அடிபட்ட பக்கத்து மேற்கைக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை வைத்து, முழங்கை உடலுக்குப் பின்னால் போகாமல் பார்த்துக்கொண்டால் பாதி வலி அப்போதே போய்விடும். ஸ்லிங்கோடுதான் தூங்க வேண்டும்.

சட்டை போடுவதற்கு ஒரு வரிசை உண்டு. முன்னால் பட்டன் உள்ள, தளர்வான சட்டையாக எடுத்துக்கொள்ளுங்கள். போடும்போது அடிபட்ட கை முதலில்: கையை உடலோடு தொங்கவிட்டு, மறுகையால் சட்டைக் கையை மேலே ஏற்ற வேண்டும். பிறகு முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து நல்ல கையை நுழைக்கலாம். கழற்றும்போது நேர்மாறு, அடிபட்ட கை கடைசியில். தலை வழியாகப் போடும் பனியனையும் டி-ஷர்ட்டையும் கொஞ்ச நாள் மறந்துவிட வேண்டியதுதான்.

குளிக்கும்போது ஸ்லிங்கைக் கழற்றலாம், ஆனால் கையைத் தூக்கக் கூடாது. சற்று முன்னால் குனிந்தால் கை தானாக உடலிலிருந்து விலகும். அந்த இடைவெளியில் அக்குளைக் கழுவித் துடைத்துவிடலாம். ஈரம் தங்கினால் அங்கே புண்ணாகும். ஆபரேஷன் ஆனவர்கள் காயத்தை எப்போது நனைக்கலாம் என்று மருத்துவமனையில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐஸ் வைத்தால் முதல் நாட்களில் நன்றாகக் கேட்கும். துணியில் சுற்றி, பதினைந்து இருபது நிமிடம் வைத்து எடுத்துவிடுங்கள். வலி மாத்திரையைப் பொறுத்தவரை, வீக்கம் குறைக்கும் வகை மாத்திரைகளை நீண்ட நாள் எடுப்பது எலும்பு சேர்வதைப் பாதிக்குமா என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. எழுதிக் கொடுத்ததற்கு மேல் நீங்களாக வாங்கித் தொடர வேண்டாம்.

அப்புறம் சிகரெட். ஒரே ஒரு பழக்கத்தை மாற்றச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. புகைப்பவர்களுக்கு எலும்பு சேராமல் போகும் வாய்ப்பு அதிகம் என்று இந்த முறிவிலேயே பார்த்திருக்கிறார்கள். எலும்பு சேர்ந்து முடியும்வரையாவது நிறுத்துங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் வைப்பதும் முக்கியம். புரதம், கால்சியம், வைட்டமின் டி மூன்றும் உணவில் போதுமான அளவு இருந்தால் சரி. அதற்கு மேல் டப்பா டப்பாவாக வாங்கிக் குடித்தால் எலும்பு சீக்கிரம் சேரும் என்பதெல்லாம் விளம்பரப் பேச்சு.

எதை எப்போது அசைக்கலாம்

தோளுக்குத்தான் ஓய்வு, முழுக் கைக்கும் இல்லை. விரல்களை முதல் நாளிலிருந்தே மடக்கி விரிக்க வேண்டும். ஒரு நாளில் சில தடவை ஸ்லிங்கிலிருந்து கையை எடுத்து, மேற்கையை உடலோடு ஒட்ட வைத்தபடி முழங்கையை முழுசாக நீட்டி மடக்குங்கள், மணிக்கட்டைச் சுழற்றுங்கள். இதைச் செய்யாதவர்களுக்குக் காறை எலும்பு சேர்ந்தபின்பும் முழங்கை நீளாமல் தகராறு செய்யும், அடிபடாத மூட்டுக்கு வீண் தண்டனை.

வலி ஓரளவு அடங்கியதும், பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள், மருத்துவர் சரி என்றால் ஊசல் பயிற்சி தொடங்கலாம். நல்ல கையை மேஜையில் ஊன்றி இடுப்பை வளைத்துக் குனியுங்கள். அடிபட்ட கையைத் தளரவிட்டுத் தொங்கப்போடுங்கள். இப்போது கையை ஆட்ட வேண்டாம்; உடலை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் கை தானாக ஆடும். தோள் தசை இறுகினால் பயிற்சி தப்பாகப் போகிறது என்று அர்த்தம். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டம் வந்தால் ஆரம்பத்தில் போதும்.

அடுத்தது மேஜைமேல் துணியை வைத்து, அதன்மேல் கையை முன்னோக்கி நகர்த்துவது. நல்ல கையால் அடிபட்ட கையைத் தாங்கி உயர்த்துவது. ஆனால் முதல் நாலு முதல் ஆறு வாரம் கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம் என்பார்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. கை தோளைத் தாண்டி உயரும்போது காறை எலும்பு தன் அச்சிலேயே பின்னோக்கி உருளும். முறிந்த இடத்தில் உள்பாதி நின்று வெளிப்பாதி மட்டும் உருண்டால், புதிதாக உருவாகும் பாலம் முறுக்கேறும். வலிக்காமல்கூட இது நடக்கலாம். வலி இல்லை என்பதற்காக அலமாரியின் மேல்தட்டுக்குக் கை நீட்டக் கூடாது என்பது அதனால்தான்.

எடை தூக்குவதற்கும் அதே கணக்கு. முதல் ஆறு வாரம் ஒரு காபிக் கோப்பைக்கு மேல் அந்தக் கையில் வேண்டாம். தரையில் ஊன்றி எழுந்திருப்பதும், கனமான கதவை இழுப்பதும் கூடாது. விசைப்பலகையில் தட்டுவது, சாப்பிடுவது, எழுதுவது எல்லாம் முன்கை மேஜையில் தாங்கியிருந்தால் முதல் வாரங்களிலேயே முடியும்.

ஆறாவது வாரத்தை ஒட்டி எக்ஸ்ரே எடுத்து, விரலால் அழுத்தியும் பார்ப்பார்கள். அழுத்தினால் வலி இல்லை, எக்ஸ்ரேயில் பாலம் தெரிகிறது என்றால் ஸ்லிங் போய்விடும், கையை முழுசாக உயர்த்தப் பழகலாம். சுவரில் விரல்களால் ஏறி ஏறிக் கையை உயர்த்துவது இந்தக் கட்டத்துக்கு நல்ல பயிற்சி. இத்தனை நாள் ஸ்லிங்கில் இருந்ததால் தோள் முன்னால் கூனியிருக்கும். தோள்பட்டைகளை மெல்லப் பின்னால் சேர்த்துப் பிடித்து விடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாரம் வைத்த பயிற்சிகள் எலும்பு சேர்ந்தது உறுதியான பிறகே. ஆபரேஷன் ஆனவர்களுக்கு இந்த அட்டவணை சற்று முன்னால் நகரலாம், அதை ஆபரேஷன் செய்தவர்தான் சொல்ல வேண்டும்.

வண்டி ஓட்டுவது, விளையாடுவது

ஸ்லிங் போட்டிருக்கும்வரை எந்த வண்டியும் ஓட்டக் கூடாது. அதற்குப் பிறகும், திடீரென்று திருப்பவும் பிரேக் பிடிக்கவும் இரண்டு கைகளும் தயங்காமல் வருமா என்று பார்க்க வேண்டும். பலருக்கு ஆறு வாரமாவது ஆகும். பைக்குக்கு இன்னும் பொறுக்கலாம், ஏனென்றால் குழியில் இறங்கும் ஒவ்வோர் அதிர்ச்சியும் கைப்பிடி வழியாக நேரே அந்த எலும்புக்குத்தான் வரும். நடப்பதும், அசையாத சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து மிதிப்பதும் வலி அடங்கியதுமே ஆரம்பிக்கலாம். ஓடுவதற்கு அவசரப்பட வேண்டாம். மோதலும் விழுதலும் உள்ள விளையாட்டுகளுக்கு மூன்று நாலு மாதம், அதுவும் எக்ஸ்ரே பார்த்த பிறகு.

அந்தப் புடைப்பு

எலும்பு சேர்ந்த இடத்தில் ஒரு மேடு தட்டுப்படும். அது எலும்பைச் சேர்த்து வைத்த புது எலும்புதான். குழந்தைகளுக்கு வளர வளரப் பெரும்பாலும் கரைந்துவிடும்; பெரியவர்களுக்கு ஓரளவு சிறுத்து அப்படியே நின்றுவிடலாம். பார்வைக்குத் தெரியுமே தவிர, கையின் வேலைக்குப் பொதுவாகத் தடையில்லை. பைப் பட்டையோ சீட் பெல்ட்டோ அதன்மேல் உறுத்தினால் ஒரு மெத்தை வைத்துக்கொள்ளலாம்.

பிளேட் வைத்தவர்களுக்கு உறுத்தல் சற்று அதிகம், மெலிந்தவர்களுக்கு இன்னும் அதிகம். தொல்லை இல்லையென்றால் அதை எடுக்கவே வேண்டாம். எடுப்பதென்றால் எலும்பு நன்றாகச் சேர்ந்த பிறகு, பொதுவாக ஓராண்டுக்கு மேல் கழித்து எடுப்பார்கள். எடுத்தபின் ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் நிரம்பும்வரை மறுபடி கொஞ்சநாள் எச்சரிக்கை தேவை. வெளிமுனை முறிவுக்கு வைக்கும் கொக்கி பிளேட் மட்டும் விதிவிலக்கு. அது தோள்பட்டை எலும்பின் அடியில் உரசுவதால் சில மாதங்களிலேயே எடுத்துவிட வேண்டியிருக்கும்.

மூன்று மாதம் ஆன பிறகும் அந்த இடத்தில் அசைவு தெரிந்தால், கை தூக்கும்போது கிளிக் என்று சத்தத்தோடு வலித்தால், "நாளாக நாளாகச் சரியாகும்" என்று விட்டுவிடாமல் திரும்பப் போய்க் காட்டுங்கள். ஆறு மாதத்திலும் சேராத எலும்பைச் சேராத முறிவு என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கும் வழி இருக்கிறது: பிளேட் வைத்து, தேவைப்பட்டால் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எலும்பை எடுத்து நிரப்புவார்கள். அதன்பிறகு ஸ்லிங்கும் ஊசல் பயிற்சியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.